எதிர்த்தரப்பு உடைக்க முடியாத நீர் மாதிரி எடுப்பது எப்படி

1972-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டுக்குப் பிறகு சுற்றுச்சூழல் அமைப்புகள் பெருகின. இன்று பல நாடுகளில் பொது விசாரணையிலும் நீதிமன்றத்திலும் அவற்றின் பேச்சு எடுபடுகிறது. ஆற்றில் கழிவு விடும் ஆலைமீது புகார் என்றால், அங்கே எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைப்பது, ஆற்றில் மாதிரி எடுத்த விதத்தில்தான்.

ஆற்றுக்குப் போகும் முன்பே ஆய்வகத்தோடு பேசிவிடுங்கள். ஐ.எஸ்.ஓ. 17025 (சோதனை ஆய்வகங்களின் திறனுக்கான சர்வதேசத் தரநிலை) அங்கீகாரம் உள்ள ஆய்வகமாக இருக்கட்டும். எதைச் சோதிக்கப் போகிறீர்கள் என்று சொன்னால் பாட்டில்களை அவர்களே தருவார்கள்.

குறைந்தது மூன்று இடங்களில் எடுக்க வேண்டும்: ஆலைக் கழிவு வந்து விழும் வாய், அதற்கு மேல்பக்கம் (ஆறு வரும் திசை), கழிவு ஆற்றோடு நன்றாகக் கலந்த கீழ்ப்பக்கம். மேல்பக்கத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 'தண்ணீர் வரும்போதே அப்படித்தான் வருகிறது' என்று ஆலை சொன்னால் அதோடு வாதம் முடிந்தது. ஆற்றில் இறங்கினால் நீரோட்டத்தை எதிர்த்து நின்று, காலடியில் கலங்காத நீரை எடுங்கள்.

ஈயம் போன்ற கன உலோகங்களுக்கு அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் பாட்டில். நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச். (அமிலத்தன்மையின் அளவு) 2-க்குக் கீழே கொண்டுவராவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அளவு குறைவாகத் தெரியும். இந்தத் தவறில் லாபம் ஆலைக்குத்தான். எண்ணெய்க்குக் கண்ணாடிப் பாட்டில், ஆற்று நீரில் அலசக் கூடாது. பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) சோதனைக்கான பாட்டிலைக் குமிழி இல்லாமல் நிரப்பி, உறையாமல் 4 டிகிரிக் குளிரில் வைத்து, 48 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்க வேண்டும். பாக்டீரியா மாதிரிக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது, அதே நாளில் சேர்த்துவிடுங்கள். பி.எச்., வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன் மூன்றையும் கரையிலேயே அளந்துவிட வேண்டும்.

ஆய்வகம் தந்த தூய நீரையும் கரையில் வைத்து ஒரு பாட்டிலில் ஊற்றி, அதே அமிலம் சேர்த்து அனுப்புங்கள். அதில் ஈயம் வந்தால் குற்றவாளி ஆறு அல்ல, உங்கள் பாட்டிலோ அமிலமோ கையாண்ட விதமோதான்.

லேபிளில் ஆலையின் பெயர் வேண்டாம், குறியீட்டு எண் போதும். ஆய்வகம் பக்கம் சாய்ந்தது என்று யாரும் சொல்ல முடியாது. இடம், தேதி, நேரம், எடுத்தவர் கையெழுத்து எல்லாம் தனிப் படிவத்தில். பெட்டி கைமாறும்போதெல்லாம் கொடுத்தவரும் வாங்கியவரும் நேரம் குறித்துக் கையெழுத்திட வேண்டும். ஒரு கைமாற்றம் விட்டுப்போனாலும் மொத்த மாதிரியும் சந்தேகத்துக்குள்ளாகும்.

ஆலையின் வேலி தாண்டாதீர்கள். உள்ளேதான் எடுத்தாக வேண்டுமென்றால் இரு தரப்பும் சேர்ந்து எடுக்கும் கூட்டு மாதிரி கேட்டு ஒழுங்குமுறை அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரே நீரை இரண்டாகப் பிரித்துத் தனித்தனி ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

ஒரு மாதிரி அந்த நேரத்து நீரைப் பற்றி மட்டுமே சொல்லும். இரவிலும் மழை நாளிலும் திரும்ப எடுங்கள். முடிவுகளை வெளியிடும்போது வரம்புக்குள் இருக்கும் எண்களையும் மறைக்காமல் போடுங்கள். ஆய்வகம் 'கண்டறியும் அளவுக்குக் கீழ்' என்று தந்ததைப் பூஜ்யம் என்று எழுதாமல், அந்த அளவு எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.