ஆயுதமும் ஆட்சியும்: விடைத்தாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் சிலருக்கு ஞாயிறுதோறும் கட்டுரை திருத்திக் கொடுக்கிறேன். போன மாதம் நான் கொடுத்த தலைப்பு, ஆட்சியைப் பிடிக்க நினைக்கும் இஸ்லாமியவாத ஆயுத இயக்கங்கள் எதிர்கொள்ளும் சிக்கல்கள். பதினோரு தாள் வந்தது. ஒன்பதில் முதல் வரி ஏறக்குறைய ஒன்றுதான்: "தாலிபான், ஐஎஸ், அல்கொய்தா, ஹமாஸ் அனைத்தும் ஒரே நோக்கம் கொண்டவை."

தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. 2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபான் காபூலுக்குள் நுழைந்தது. பதினோரு நாள் கழித்துக் காபூல் விமான நிலைய வாசலில் குண்டு வெடித்தது. அதை நடத்தியது ஐஎஸ் என்ற 'இஸ்லாமிய அரசு' அமைப்பின் ஆப்கானிஸ்தான் பகுதிக் கிளையான கொராசான் கிளை. அந்தக் கிளைக்குத் தாலிபான் இன்றுவரை எதிரி. தாலிபானின் ஆசை ஆப்கானிஸ்தான் எல்லைக்குள் அடங்கியது, ஹமாஸின் பேச்சு பாலஸ்தீன மண்ணைப் பற்றியது. ஐஎஸ்ஸோ எல்லைக் கோட்டையே ஏற்காது. யாருக்கு எந்த ஊரில் ஆட்சி வேண்டும் என்று கேட்காமல் எழுத ஆரம்பித்தால், அப்புறம் எழுதுவதெல்லாம் கோணலாகத்தான் போகும்.

அடுத்தது தேர்தல். "தேர்தலுக்கு வந்துவிட்டால் ஆயுதத்தைக் கீழே போட்டுவிடுவார்கள்" என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். லெபனானில் ஹிஸ்புல்லா 1992-லேயே நாடாளுமன்றத் தேர்தலில் நின்றது, ஆயுதத்தையும் வைத்துக்கொண்டது. ஹமாஸ் 2006 பாலஸ்தீன நாடாளுமன்றத் தேர்தலில் 132 இடங்களில் 74-ஐப் பிடித்தது. ஜெயித்த மறுநாளிலிருந்து வேறு கேள்விகள் வந்துவிட்டன: ஆசிரியருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? ஆஸ்பத்திரிக்கு மருந்து எங்கிருந்து வரும்? பாலஸ்தீனருக்காக வசூலித்துக் கொடுத்துவந்த வரிப்பணத்தை இஸ்ரேல் நிறுத்தியது, மேற்கு நாடுகள் உதவியை நிறுத்தின. இஸ்ரேலை ஏற்றுக்கொண்டால் பணம் வரும், ஆனால் ஓட்டுப்போட்டவனுக்கு என்ன பதில் சொல்வது? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்ற அந்த நிலை, 2007-இல் போட்டிக் கட்சியான ஃபத்தாவோடு சண்டையாகி, காசா தனியாகப் பிரிந்ததில் போய் முடிந்தது.

அல்ஜீரியாவைத் தலைகீழாக, ஆயுதம்தான் முதலில் வந்தது போல எழுதுகிறார்கள். இஸ்லாமிய மீட்பு முன்னணி கட்சியாகத்தான் தேர்தலுக்கு வந்தது. 1991 டிசம்பரில் முதல் சுற்றிலேயே 188 இடங்களில் ஜெயித்தது. 1992 ஜனவரியில் ராணுவம் தேர்தலையே ரத்து செய்தது. அதன் பிறகு வெடித்த உள்நாட்டுப் போரில் ஒரு லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். வாக்குப்பெட்டியை நம்பினால் இதுதான் கதி என்று ஆயுதம் தூக்கியவர்கள் இதைக் காட்டிப் பேசினார்கள். 2013-இல் எகிப்தில் தேர்தலில் ஜெயித்து வந்த இஸ்லாமியவாத அதிபர் மோர்சியை ராணுவம் இறக்கியபோது அதே பேச்சு திரும்ப எழுந்தது. இந்த வரிசை தெரியாமல் காரணம் எழுத முடியாது.

நான் அதிகம் சிவப்பு மை செலவழித்த இடம் வேறு. "பயம் காட்டினால் மக்கள் அடங்குவார்கள், ஆட்சி கிடைக்கும்" என்ற நம்பிக்கை பல தாள்களில் இருந்தது. அந்த இயக்கங்களுக்குள்ளேயே பலர் இதை ஏற்கவில்லை. 2005 ஜூலை தேதியிட்டு ஈராக்கில் அல்கொய்தா கிளையை நடத்திய சர்காவிக்கு அல்கொய்தாவின் இரண்டாம் நிலைத் தலைவர் சவாஹிரி எழுதியதாக அமெரிக்கா ஒரு கடிதத்தை வெளியிட்டது. தலையறுக்கும் காட்சிகளைக் காட்டாதே, பொதுமக்கள் ஆதரவு போனால் எல்லாம் போகும் என்பது அதன் சாரம். அந்த நவம்பரிலேயே ஜோர்டான் தலைநகர் அம்மானில் சர்காவியின் ஆட்கள் ஓட்டல்களில் குண்டு வைத்தார்கள். ஓர் ஓட்டலில் கல்யாண விருந்து நடந்துகொண்டிருந்தது. ஜோர்டான் மக்கள் சர்காவிக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். கொஞ்ச காலத்தில் ஈராக்கின் சன்னி பழங்குடிகளே அவருடைய இயக்கத்துக்கு எதிராகத் துப்பாக்கி எடுத்தார்கள்.

2012-இல் மாலி நாட்டின் திம்புக்டு நகரைப் பிடித்த இஸ்லாமியவாத ஆயுதக் குழுவினர் அங்கிருந்த இறைநேசர்களின் அடக்கத்தலங்களைக் கடப்பாரையால் இடித்தார்கள். வட ஆப்பிரிக்க அல்கொய்தா தலைவர் துருக்தல்கூட அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று கண்டித்து எழுதினார். அந்தக் கடிதம் பின்னர் திம்புக்டுவில் கிடைத்தது. 2013 ஜனவரியில் பிரெஞ்சுப் படை வந்தது, ஆட்சி போயிற்று.

திம்புக்டுவைப் பற்றி எழுதியவன் ஒரே ஒரு பையன். காஜிமார் தெருப் பக்கத்திலிருந்து வருகிறவன். "எங்க நன்னி வியாழக்கிழமை கோரிப்பாளையம் தர்காவுக்குக் கூட்டிட்டுப் போவாங்க சார். சாம்பிராணிப் புகை, மயிலிறகு, மந்திரிக்கக் குழந்தையோட வர்ற அம்மாக்கள். பொட்டு வச்சவங்கதான் பாதிப் பேர். அதை ஒருத்தன் இடிச்சா எப்படி இருக்கும்னு நினைச்சு எழுதினேன்" என்றான். அந்தத் தாளுக்குத்தான் அதிக மதிப்பெண் போட்டேன்.

சரி, ஆட்சியே கிடைத்துவிட்டால்? அதோடு கதை முடிந்தது என்று எழுதுவதும் தவறு. 1996-இல் அமைந்த தாலிபான் ஆட்சியை மூன்றே நாடுகள் அங்கீகரித்தன. இரண்டாம் முறை வந்தபோது ரஷ்யாவின் அங்கீகாரத்துக்கே 2025 வரை காத்திருந்தார்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி கிடையாது. திறந்தால் கந்தஹாரில் இருக்கும் தாலிபான் மேல்தலைமையின் பிடி தளரும், கொள்கையை விற்றுவிட்டார்கள் என்று ஐஎஸ் பிரச்சாரம் செய்யும். திறக்காவிட்டால் உலகம் கதவைத் திறக்காது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று ஒரு மாணவி அழகாக எழுதியிருந்தாள். பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்: அடி விழுவது அந்தச் சிறுமிகள் மேல்.

சிரியாவில் ஆயுத இயக்கத் தலைவராக இருந்த அஹ்மத் அல்-ஷரா 2016-இல் அல்கொய்தாவை விட்டு விலகி, 2024 டிசம்பர் 8 அன்று டமாஸ்கஸைப் பிடித்து, கோட்டு சூட்டு போட்டுக்கொண்டார். 2025 மார்ச்சில் கடலோரத்தில், பழைய அதிபர் அசாதின் சிறுபான்மைச் சமூகமான அலவி மக்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். "திருந்திவிட்டார்", "நடிக்கிறார்" என்ற இரண்டுமே அவசரத் தீர்ப்பு. பழைய போராளிகளுக்கும் புதிய குடிமக்களுக்கும் நடுவில் அவர் என்ன செய்கிறார் என்பதை எழுதச் சொன்னேன்.

கடைசியாக ஒன்று, தாளில் வராதது. இந்தத் தலைப்பைச் சொன்ன அன்று ஒருவன் காஜிமார் பையனைத் திரும்பிப் பார்த்து, "நீதான்டா இதை நல்லா எழுதணும்" என்றான். பையன் பதில் பேசாமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். நான் பாடத்தை நிறுத்திவிட்டேன். அம்மானில் செத்த கல்யாண விருந்தாளிகள் யார், அல்ஜீரியக் கிராமங்களில் செத்தவர்கள் யார், திம்புக்டுவில் கண்ணெதிரே அடக்கத்தலம் இடிபடப் பார்த்து நின்றவர்கள் யார் என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தவனே யோசித்துச் சொன்னான்: "முஸ்லிம்கள்தான் சார்." பிறகு தன் நாற்காலியை அந்தப் பையனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, திம்புக்டு எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டச் சொன்னான்.