601 என்று அச்சடித்த சீட்டு: டர்போ ஆறு சிலிண்டர் இன்ஜின்களின் குதிரைத்திறனைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்திலுள்ள டீக்கடையில், கத்திரி வெயில் அடங்காத ஒரு மாலையில், எங்கள் தெருத் தம்பி ஒருவர் தம் காரின் டைனோ சீட்டை (காரை உருளைகளின் மேல் ஓட்டித் திறனை அளக்கும் இயந்திரம் தரும் அச்சு) என் முன்னால் விரித்து, "அண்ணா, 601 வந்திருக்கு" என்றார். அவருடையது பிஎம்டபிள்யூ எம்340ஐ. அதில் இருப்பது பி58 எனப்படும் மூன்று லிட்டர் இன்லைன் ஆறு சிலிண்டர் டர்போ இன்ஜின். பெரிய டர்போவைப் பொருத்தி, மென்பொருளையும் மாற்றி எழுதிய ஒரு பட்டறையில்தான் அந்தச் சீட்டைக் கொடுத்திருந்தார்கள். அதன் ஓரத்தில், யாரும் படிக்காத பொடி எழுத்தில், மூன்று விவரங்கள் இருந்தன: திருத்த முறை எஸ்டிடி, காற்று வெப்பநிலை 60 டிகிரி, ஸ்மூத்திங் 5. அவற்றைப் படித்த பிறகு எனக்குப் பெரிய எழுத்தில் இருந்த 601-இல் ஆர்வம் குறைந்துவிட்டது.

முதல் தவறு மிகச் சிறியது. ஆனால் எல்லோரும் செய்வது. குதிரைத்திறன் என்பது ஒரே அலகு என்று நினைத்துவிடுகிறோம். ஐரோப்பிய, ஜப்பானிய பிஎஸ் என்பது 735.5 வாட், ஆங்கிலேய, அமெரிக்க எச்பி என்பது 745.7 வாட். தம்பியின் கார் 2021-இல் இங்கே அறிமுகமானபோது 387 என்று சொன்னார்கள். அமெரிக்காவில் அதே காருக்கு 382 என்றார்கள். இரண்டுமே 285 கிலோவாட்தான். வேறுபாடு ஒன்றரை விழுக்காடு கூட இல்லை என்பதால் இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். ஆனால் மாற்றத்துக்கு 'முன்னால்' உள்ளதை ஓர் அலகிலும் 'பின்னால்' உள்ளதை வேறோர் அலகிலும் எழுதியிருந்தால், அந்தப் பட்டறை மற்ற கணக்குகளை எவ்வளவு கவனமாகப் போட்டிருக்கும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

திருத்தக் குணகத்தைப் பார்க்காமல் விடுவதுதான் பெரிய தவறு. டைனோவின் உருளைகளின் மேல் காரை ஓட்டி அளக்கும் எண், அன்றைய காற்றின் வெப்பம், அழுத்தம், ஈரப்பதம் ஆகியவற்றுக்கு உட்பட்டது. வெவ்வேறு நாட்களை ஒப்பிட முடிய வேண்டும் என்பதற்காக, ஒரு பொதுவான காற்று நிலைக்கு அந்த எண்ணை மென்பொருள் மாற்றித் தருகிறது. அந்தப் பொதுநிலையும் ஒன்றாக இல்லை. எஸ்ஏஇ ஜே1349 முறை 25 டிகிரி வெப்பத்தையும் 99 கிலோபாஸ்கல் உலர் காற்றழுத்தத்தையும் அடிப்படையாகக் கொள்கிறது. எஸ்டிடி எனப்படும் பழைய முறையோ ஏறத்தாழ 15.5 டிகிரியையும் அதைவிடக் கூடுதலான அழுத்தத்தையும் கொள்கிறது. இதனால் ஒரே ஓட்டத்துக்கு எஸ்டிடி காட்டும் எண் சுமார் நான்கு விழுக்காடு அதிகமாக இருக்கும். சென்னையில், 34 டிகிரி வெப்பமும் கடற்கரை ஈரப்பதமும் சேர்ந்த ஒரு மாலையில், எஸ்ஏஇ முறைப்படியே குணகம் 1.04 அளவுக்கு வந்துவிடும். இதுவரை நேர்மையான கணக்குதான்.

டர்போ இன்ஜினுக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இந்தச் சூத்திரங்கள் வெளிக்காற்றை அப்படியே இழுக்கும் இன்ஜின்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. டர்போ இன்ஜினிலோ, வெளிக்காற்று மெலிந்தால் காரின் கணினி, புகையை டர்போவைத் தொடாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் என்ற வால்வை இன்னும் மூடி, டர்போவை வேகமாகச் சுழலவிட்டு, வேண்டிய பூஸ்டை, அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தத்தை, எட்டிவிடுகிறது. இழப்பின் ஒரு பகுதியை இன்ஜினே ஈடுகட்டிய பின், அதே இழப்புக்காக மென்பொருளும் ஒருமுறை கூட்டிக் கொடுக்கிறது. உணவகத்தில் சாப்பிட்டவரே பணம் கொடுத்த பிறகு, அதே பில்லுக்கு நண்பரிடமும் வசூலிப்பதைப் போன்றது இது.

இனி அந்த 60 டிகிரிக்கு வருவோம். மே மாதத்தில்கூட எண்ணூரில் காற்று 60 டிகிரிக்குப் போவதில்லை. தம்பி தம் கைப்பேசியில் எடுத்திருந்த காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். வெப்பத்தை அளக்கும் சென்சாரின் ஒயர், திறந்த பானெட்டுக்குள், ரேடியேட்டர் விசிறி வீசும் அனலில் கிடந்தது. அது படித்த 60 டிகிரியை வைத்து எஸ்டிடி முறையில் கணக்கிட்டால் குணகம் 1.12 ஆகிறது. தெரிந்தே செய்தார்களா, அவசரத்தில் விட்டுவிட்டார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. பட்டறையிலிருந்து அச்சுச் சீட்டுக்குப் பதிலாக மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி, வீட்டுக் கணினியில் திறந்து திருத்தத்தை அணைத்ததும் சக்கரத்தில் அளந்த எண் தெரிந்தது: 456. அதை 1.12-ஆல் பெருக்க 511. அப்படியானால் 601 எங்கிருந்து வந்தது?

அங்கேதான் மூன்றாவது தவறு இருக்கிறது. வழியில் 15 விழுக்காடு இழப்பு என்று வைத்துக்கொண்டு, சக்கரத்தில் அளந்ததை 0.85-ஆல் வகுத்து, 'கிராங்கில் (இன்ஜினின் சுழல்தண்டில்) இவ்வளவு' என்று சொல்வது பட்டறைகளின் வழக்கம். 511-ஐ அப்படி வகுத்தால் 601. இடையில் உள்ள 90 குதிரைத்திறனை யாரும் அளக்கவில்லை. அது ஒரு வகுத்தலின் விளைவு. கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டயர் ஆகியவற்றில் 90 குதிரைத்திறன் இழக்கப்பட்டால் அது ஏறத்தாழ 67 கிலோவாட் வெப்பமாக வெளிவர வேண்டும். வாளித் தண்ணீரில் போடும் ஒரு கிலோவாட் ஹீட்டர் கம்பிகள் அறுபத்தேழு ஒரே நேரத்தில் எரிவதற்குச் சமம். நான்கு சக்கர இயக்கத்தில் இழப்பு உண்டு என்பது உண்மை. ஆனால் எண்ணெயைக் கலக்குவதற்கும் பேரிங்குகளைச் சுழற்றுவதற்கும் ஆகும் செலவு, இன்ஜினின் திறன் இரட்டித்தால் தானும் இரட்டிப்பதில்லை. டைனோவின் வகையும் எண்ணை மாற்றும்: கனமான உருளையின் முடுக்கத்தைக் கணக்கிடும் இயந்திரம், மின்காந்தத் தடை கொண்டு சுமையேற்றும் இயந்திரம், சக்கரத்தைக் கழற்றி ஹப்பிலேயே பொருத்தும் இயந்திரம் ஆகிய மூன்றும் ஒரே காருக்கு மூன்று பதில் சொல்லும்.

வடசென்னைக்காரர்களுக்கு இந்த எண் விளையாட்டு புதிதல்ல. மாதவரத்தில் நிற்கும் லாரிகளின் மூக்கில் 2518 என்றிருந்தால் 25 டன், 180 குதிரைத்திறன் என்று கிளீனர் பையனும் சொல்வான். அந்த எண்ணை யாரும் ஊதிப் பெருக்குவதில்லை, ஏனெனில் லோடு ஏற்றியதும் உண்மை தெரிந்துவிடும். காசிமேட்டிலோ தலைகீழ். விசைப்படகின் இன்ஜின் 240 குதிரைத்திறனைத் தாண்டக் கூடாது என்று மாநில விதி இருப்பதால், அங்கே எண்ணைக் கூட்டிச் சொல்ல யாருக்கும் ஆசை இருக்காது.

சீட்டை விட்டுவிட்டு எரிபொருளைக் கணக்கிட்டுப் பார்க்காமல் இருப்பதும் தவறுதான். என்னைக் கேட்டால், காகிதமும் பேனாவும் மட்டும் வைத்து ஒரு பொய்யைப் பிடிக்க இதைவிடச் சிறந்த வழியில்லை. டொயோட்டா சுப்ராவின் 2ஜேஇசட்-ஜிடிஇ இன்ஜினை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான அதன் வடிவத்தில் நிமிடத்துக்கு 550 சிசி பெட்ரோல் பாய்ச்சும் இன்ஜெக்டர்கள் ஆறு. பாதுகாப்பான எல்லையான 85 விழுக்காடு வரை திறந்தால், நிமிடத்துக்கு 2,805 சிசி. எடையில், மணிக்குச் சுமார் 125 கிலோ பெட்ரோல். டர்போ பெட்ரோல் இன்ஜின் ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தர 250 முதல் 270 கிராம் வரை எரிக்கிறது. வகுத்தால் ஏறத்தாழ 460 முதல் 500 வரை வருகிறது, அதுவும் கிராங்கில். எரிபொருள் அழுத்தத்தைக் கூட்டிச் சற்று மேலே போகலாம். ஆனால் அதே இன்ஜெக்டர்களோடு, பங்கில் போடும் பெட்ரோலில், 'சக்கரத்தில் 700' என்று ஒருவர் சொன்னால், மீதிப் பெட்ரோல் எந்த வழியாக உள்ளே போனது என்று கேட்கலாம். எத்தனால் அதிகமுள்ள இ85-இல் ஓட்டியதாகச் சொன்னால் கணக்கு இன்னும் இறுகும், ஏனெனில் அதே திறனுக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலான அளவு பாய்ச்ச வேண்டும். இ85-இல் எடுத்த எண்ணைத் தினமும் ஓட்டும் பெட்ரோல் காரின் எண்ணாகச் சொல்வதும் அடிக்கடி நடக்கிறது.

பூஸ்ட் 28 பிஎஸ்ஐ என்பதை வைத்துத் திறனை ஊகிப்பது வீண். அழுத்தம் வேறு, பாயும் காற்றின் நிறை வேறு. சின்ன டர்போவின் 28-உம் பெரிய டர்போவின் 28-உம் ஒன்றல்ல.

வரைபடத்தின் உச்சப் புள்ளியை மட்டும் பார்ப்பதும் ஏமாற்றும். முறுக்குவிசையை நியூட்டன் மீட்டரில் எடுத்து, நிமிடத்துக்கான சுழல் வேகத்தால் பெருக்கி, 7,121-ஆல் வகுத்தால் எச்பி வர வேண்டும். நான்கைந்து இடங்களில் போட்டுப் பாருங்கள், பொருந்தாவிட்டால் அந்தப் படத்தை நம்ப வேண்டாம். ஸ்மூத்திங் 5 என்பது கோட்டை வழுவழுப்பாக்கி, டயர் வழுக்கியதையோ தீப்பொறி தவறியதையோ மறைத்துவிடும். 6,800 சுழற்சியில் ஒரு நொடி எட்டிப்பார்க்கும் உச்சத்தைவிட, 3,500-இலிருந்து விரியும் பரப்பையே நான் மதிக்கிறேன்.

தம்பி ஒரு மூடிய ஓடுதளத்தில் கால் மைல் ஓடியதன் ஜிபிஎஸ் பதிவையும் வைத்திருந்தார். ஓட்டுநரோடு 1,830 கிலோ. முடிவில் மணிக்கு 188 கிலோமீட்டர். எடையையும் முடிவு வேகத்தையும் வைத்துத் திறனைக் கணிக்கும் பழைய நடைமுறைச் சூத்திரத்தில் போட்டால் சுமார் 500 வருகிறது. 600 இருந்திருந்தால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் காட்டியிருக்க வேண்டும். எடுத்த நேரத்தைப் பார்க்க வேண்டாம், அது டயர் பிடிப்பையும் ஓட்டுநரின் கையையும் பொறுத்தது; முடிவு வேகம்தான் இன்ஜினைப் பற்றிப் பேசும். எண்ணூர் விரைவுச்சாலையில் இரவில் இதை முயல்வோர் அளப்பது வேறெதையோ.

கடைசியாக ஒன்றைக் கேட்டேன்: மாற்றங்களுக்கு முன், அதே டைனோவில், அதே நாளில் ஓட்டிய பதிவு எங்கே? கோப்பில் அது இல்லை. பட்டறையைத் தொலைபேசியில் கேட்டபோது, "கம்பெனி சொன்னதே 387 தானே, அதுக்கு மேல வந்ததெல்லாம் நாங்க ஏத்தினது" என்றார்களாம். ஜப்பானிய நிறுவனங்கள் 2004 வரை தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, உள்நாட்டில் விற்ற எந்தக் காரின் இன்ஜினையும் 280 பிஎஸ்ஸுக்கு மேல் அறிவித்ததில்லை. நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஆர்பி26 இன்ஜினும் ஏட்டில் அந்த 280-க்குள்தான் இருந்தது. பி58-ஐயும் நிறுவனம் குறைத்தே சொல்கிறது என்பது டைனோ ஓட்டிப் பார்த்தவர்களின் பரவலான அனுபவம். கைபடாத காரே சக்கரத்தில் ஏட்டு எண்ணை நெருங்கிவிடுகிறது. 387-க்கும் 601-க்கும் இடையே உள்ள 214-இல் டர்போவுக்கு எவ்வளவு, ரேடியேட்டர் அனலுக்கு எவ்வளவு, 0.85-க்கு எவ்வளவு என்று பிரிக்க, அந்த முதல் ஓட்டம் ஒன்றுதான் உதவியிருக்கும். பழைய டர்போவைப் பட்டறையிலேயே விற்றுவிட்டதாகத் தம்பி சொன்னார்.