இரண்டு கேஜ், இரண்டு உயரம்: குழாய்களில் அளவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கமிஷனிங் வேலைக்கு, அதாவது புதிதாகப் பொருத்திய இயந்திரங்களைச் சோதித்து ஓட்டிவிடும் வேலைக்கு, புதிதாக வந்த இரண்டு பேர் போன வாரம் பம்ப் ரூமில் அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் வருடத்தில் நான் செய்த அதே தவறுகள், அதே வரிசையில். அழுத்த அலகுகளான பாரையும் பிஎஸ்ஐயையும் குழப்பிக்கொள்வது, வால்வைத் திறக்காமலேயே அழுத்தம் காட்டும் கேஜைப் படிப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை ஒரே நாளில் பிடிபட்டுவிடும். யார் கண்ணிலும் படாமல் ரிப்போர்ட்டுக்குள் போய்ச் சேரும் தவறுகள்தான் என் கவலை.

இரண்டு கேஜும் ஒரே உயரத்தில் இருப்பதாக நினைத்துக் கழிப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் பிளாண்ட் ஒன்றில் 20 மீட்டர் ஹெட் தர வேண்டிய பம்ப். ஹெட் என்பது பம்ப் கூட்டித் தரும் அழுத்தம், தண்ணீரின் உயரக் கணக்கில். தண்ணீர் பம்புக்குள் வரும் பக்கத்து சக்ஷன் கேஜ் முழங்கால் உயரத்தில் இருந்தது. வெளியேறும் பக்கத்து டெலிவரி கேஜ் மேலே ஏறிப்போகும் குழாயில், ஏணி போட்டுத்தான் படிக்க முடியும். இடையே 3 மீட்டர். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன், 1.67 பார் வந்தது. ஹெட் 17 மீட்டர் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

பம்ப் 15 சதவீதம் குறைவாகத் தருகிறது என்று முடிவாயிற்று. அதைத் திறந்து பெரிய இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) போட்டார்கள். மோட்டார் ஆம்பியர் ஏறியது, தண்ணீர் தேவைக்கு மேல் ஓடியது. அதைக் குறைக்க டெலிவரி வால்வைப் பாதி மூடினார்கள். கூடுதல் கரண்ட் செலவழித்து உண்டாக்கிய அழுத்தத்தை அடுத்த வால்விலேயே வீணடித்துக்கொண்டு அந்தப் பிளாண்ட் மாதக்கணக்கில் ஓடியது. பழைய இம்பெல்லரில் ஒரு குறையும் இல்லை. காணாமல் போன 3 மீட்டர், இரண்டு கேஜுக்கும் நடுவே நின்ற தண்ணீரின் எடை.

ஒரு மீட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 0.1 பார். மேலே இருக்கும் கேஜ் அந்த அளவு குறைத்துக் காட்டும், அதை நாம்தான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

விஷயத்தைப் பிடித்தவர் வேறு வேலையாக வந்த ஒரு மூத்த ஃபிட்டர். "பம்பை நிறுத்திட்டு ரெண்டு கேஜையும் படி தம்பி" என்றார். கீழே 3.1, மேலே 2.8. நிற்கிற பம்ப் அழுத்த வித்தியாசம் எதையும் உண்டாக்காது. அந்த 0.3 முழுவதும் உயரத்தாலும் கேஜ்களின் பிழையாலும் வந்தது.

அன்றிலிருந்து, பம்ப் ஓடும்போது எடுத்த அளவை நிற்கும்போது எடுத்த அளவோடு ஒப்பிடாமல் நான் ஹெட் எழுதுவதில்லை. அப்படி எடுக்கும்போது பக்கத்துப் பம்புகளும் நின்றிருக்க வேண்டும், குழாயில் தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும். டெலிவரி கேஜ், தண்ணீரைத் திரும்பி வரவிடாத நான்-ரிட்டர்ன் வால்வுக்கு அந்தப் பக்கம் இருந்தால் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். பம்ப் நின்ற பிறகும் அங்கே அழுத்தம் அடைபட்டிருக்கலாம்.

இதைவிட நல்ல வழி, ஒரே கேஜுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ட்யூப் இழுத்து, வால்வை மாற்றி மாற்றிப் படிப்பது. உயரமும் கேஜின் நிலையான பிழையும் கழித்தலிலேயே போய்விடும். ஆனால் ட்யூபிலிருந்து காற்றை முழுக்க வெளியேற்றியிருக்க வேண்டும். காற்று நின்றால் தண்ணீர் எந்த உயரத்தில் முடிகிறது என்று தெரியாது, கணக்கு மறுபடியும் கெடும்.

சக்ஷன் கேஜ், குப்பையை வடிகட்டும் ஸ்ட்ரெய்னருக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். முன்னால் இருந்தால் ஸ்ட்ரெய்னரில் சேர்ந்த குப்பையின் பழியும் பம்ப் மேல் விழும்.

16 பார் கேஜில் 0.3 பாரைத் தேடுவது

1.6 கிளாஸ் கேஜ் என்றால் முழு அளவில் 1.6 சதவீதம், அதாவது 0.25 பார் வரை தவறலாம். இரண்டு பக்க அழுத்த வித்தியாசத்தை நேராகக் காட்டும் டிஃபரன்ஷியல் கேஜ் எடுங்கள்.

கேஜ் வால்வை எந்நேரமும் திறந்து வைப்பது

முள் ஆடி ஆடியே கேஜ் தேய்ந்துவிடும். படித்ததும் மூடுங்கள்.

சப்ளைக்கு ஒரு தெர்மாமீட்டர், ரிட்டர்னுக்கு வேறொன்று

சில்லரிலிருந்து போகும் சப்ளை தண்ணீர் 7 டிகிரி, திரும்பி வரும் ரிட்டர்ன் தண்ணீர் 12 டிகிரி. வேண்டியது அந்த 5 டிகிரி வித்தியாசம்தான். ஒன்று அரை டிகிரி கூட்டியும் மற்றது அரை டிகிரி குறைத்தும் காட்டினால் 5 என்பது 6 ஆகும், அல்லது 4 ஆகும். சில்லரின் குளிர்விக்கும் திறன் கணக்கில் அது 20 சதவீதப் பிழை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு தெர்மாமீட்டரும் சரியாகத்தான் தோன்றும். வேலை தொடங்கும் முன் இரண்டையும் ஒரே ஐஸ் தண்ணீரில் வைத்து எவ்வளவு விலகுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். நிரந்தரமாகப் பொருத்துவதானால் ஜோடி சேர்த்துக் கொடுக்கும் சென்சார்களை வாங்குங்கள்.

பளபளக்கும் செம்புக் குழாயில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர்

அது காட்டுவது பெரும்பாலும் அறையின் வெப்பம். பளபளப்பான உலோகம் கண்ணாடி மாதிரி சுற்றியிருப்பதைப் பிரதிபலிக்கும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, சற்றுப் பொறுத்து, டேப்பின் மேல் அளந்தால் குழாய்ச் சுவரின் வெப்பநிலையாவது கிடைக்கும்.

உலர்ந்த தெர்மோவெல்

தெர்மோவெல் என்பது குழாய்க்குள் நீண்டிருக்கும், சென்சாரைச் செருகும் உறை. அதில் சென்சாரைச் சுற்றிக் காற்று இருந்தால் அளவு தாமதமாக வரும், தவறாகவும் வரும். தெர்மல் பேஸ்ட் வையுங்கள்.