சட்டத்தின் சிக்கலை அளக்க ஒரு கொப்பியும் பென்சிலும்

பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிற என் பெறாமகள் போன மாதம் ஒரு ஒப்படையோடு வீட்டுக்கு வந்தாள். "சின்னம்மா, சட்டம் வரவரச் சிக்கலாகுது எண்டதை எப்படி அளக்கிறது?" மடிக்கணினியில் ஒவ்வொரு சட்டத்துக்கும் எத்தனை பக்கம் என்று அட்டவணை போட்டு வைத்திருந்தாள். நான் யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஒரு நொத்தாரிசிடம் 28 வருடம் உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதிக் கொடுத்தவள். நூறு பக்கச் சட்டம் ஒன்று நேராகப் போகும், நாலு பக்கக் கட்டளைச்சட்டம் ஒன்று ஆளைச் சுற்றவைக்கும். பக்கத்தை விடு என்று சொல்லி, ஒரு கொப்பியை எடுத்துவரச் சொன்னேன்.

முதல் வேலை, கேள்வி ஒன்றை எழுதுவது. அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஒருவர் கேட்கிற மாதிரியான கேள்வி. நாங்கள் எழுதியது: "தேசவழமைக்கு உட்பட்ட, கலியாணமான பெண் தன் சீதனக் காணியில் இரண்டு பரப்பை விற்கலாமா?" தேசவழமை யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம்; பரப்பு எங்கள் ஊர்க் காணி அளவு. விடை கிடைக்கும்வரை திறக்கவேண்டிய ஒவ்வொரு சட்டத்தையும் ஆண்டோடு கீழே எழுதுங்கள்.

தேசவழமை 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்டது. அதற்குச் சட்ட வலுக் கொடுத்தது 1806 இன் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதி. காணி விற்பனையை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் உறுதிப்படுத்தவேண்டும் என்பது 1840 இன் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டம். நொத்தாரிசு அதை எப்படி எழுதவேண்டும் என்பதற்கு 1907 இன் 1 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது 1911 இன் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தின் 6 ஆம் பிரிவு. உறுதியைப் பதிவதற்கு 1927 இன் 23 ஆம் இலக்கம். காணி தேடிய தேட்டமா (கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்தா) இல்லையா என்று பிரிக்க, 1911 கட்டளைச்சட்டத்தின் 19, 20 ஆம் பிரிவுகளை மாற்றிய 1947 இன் 58 ஆம் இலக்கம். பங்குக்காரருக்கு முதலில் சொல்லவேண்டுமா என்பதற்கு அதே ஆண்டின் 59. தேசவழமையையும் அதற்கு வலுக் கொடுத்த ஒழுங்குவிதியையும் ஒன்றாக எண்ணினால் மொத்தம் ஏழு.

இங்கே ஒரு கவனம். இந்த ஏழும் இன்று நடைமுறையில் இருப்பவை. நீக்கப்பட்டுப்போன பழையவை பட்டியலில் வரா. ஆகவே ஆண்டுகளை வரிசையாகப் பார்த்து "ஒன்றிலிருந்து ஏழாக வளர்ந்துவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள். 1915 ஐயும் இன்றையும் ஒப்பிட வேண்டுமானால், 1915 இல் நடைமுறையில் இருந்தவற்றைத் தனியாகத் தேடி, அதே கேள்வியை அந்த ஆண்டில் நின்று கேட்கவேண்டும்.

அடுத்தது தாவல். ஒரு பிரிவை வாசிக்கும்போது வேறொரு பிரிவுக்கோ வேறொரு சட்டத்துக்கோ போகவேண்டி வந்தால் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். 19 ஆம் பிரிவில் தேடிய தேட்டம் என்னவென்று பார்க்கப் போனால், தனிச்சொத்து என்னவென்று முதலில் தெரிந்திருக்கவேண்டும். அது ஒரு கோடு. திருத்தச் சட்டங்களில் கோடு போட்டு மாளாது. 2017 இன் 24 ஆம் இலக்க உண்ணாட்டரசிறை (வருமான வரி) சட்டத்தை 2021 இல் ஒருமுறை, 2022 இல் ஒருமுறை, 2023 இல் இரண்டுமுறை திருத்தினார்கள். திருத்தத்தைத் தனியாக வாசித்தால் "இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்களை இடுவதன் மூலம்" என்றுதான் இருக்கும். மூலச் சட்டத்தைப் பக்கத்தில் விரிக்காமல் ஒரு வரியும் விளங்காது.

மூன்றாவது வசனம். தமிழில் வினை கடைசியில் வருகிறது. அந்த வினையை எட்டும்வரை எத்தனை நிபந்தனைகளை மனதில் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்று எண்ணுங்கள்: "ஆயின்", "ஒழிய", "தவிர", "உட்பட்டு". நாலுக்கு மேலே போனால் நான் பென்சிலால் வட்டம் போடுவேன். சொல்லை எண்ணித் தமிழையும் ஆங்கிலத்தையும் ஒப்பிடவே வேண்டாம். "விற்கக்கூடாது" எங்களுக்கு ஒரு சொல், அவர்களுக்கு மூன்று. 2014 இல் அமெரிக்கச் சட்டத் தொகுப்பை அளந்த டானியல் காட்ஸும் மைக்கல் பொமரிட்டோவும் அமைப்பு, மொழி, ஒன்றோடொன்று உள்ள தொடர்பு என்ற மூன்றையும் கணினியால் எண்ணினார்கள். கணினியால் செய்ய விரும்பினால் முதலில் எழுத்துருவைப் பாருங்கள். பழைய தமிழ்ப் பிடிஎப்பிலிருந்து நகலெடுத்தால் எழுத்துகள் குலைந்து வரும், எண்ணிக்கையும் பிழைக்கும். சட்டத்தின் கடைசிப் பிரிவையும் பாருங்கள். சிங்கள வாசகத்துக்கும் தமிழ் வாசகத்துக்கும் முரண் வந்தால் சிங்கள வாசகமே மேலோங்கும் என்று அங்கே இருந்தால், அதையும் ஒரு தாவலாகக் கணக்கில் சேருங்கள்.

இவ்வளவையும் செய்து ஏழு என்று எழுதி முடித்தபோது எனக்கு ஒரு அக்காவின் ஞாபகம் வந்தது. 2011 இல் உறுதிப் பையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு முன்னால் இருந்தவர். கணவர் 2009 இல் காணாமற்போனவர். மகளின் படிப்புக்கு இரண்டு பரப்பை விற்கவேண்டும். எங்களுக்கு முன் அவர் போன இடத்தில், கணவரின் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். 6 ஆம் பிரிவோடு நிறுத்திவிட்டார்கள். அதே கட்டளைச்சட்டத்தின் 8 ஆம் பிரிவில், கணவரின் இருப்பிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளையோடு விற்கலாம் என்று இருக்கிறது. இரண்டு பிரிவு தள்ளி இருந்த அந்த வரிக்காக அவர் எட்டு மாதம் அலைந்தார். இன்று அவர் வந்தால், காணாமற்போனவர்களின் இறப்பைப் பதிவது பற்றிய 2010 இன் 19 ஆம் இலக்கச் சட்டத்தையும், காணாமற்போனதற்கான சான்றிதழைக் கொண்டுவந்த 2016 இன் 16 ஆம் இலக்கத் திருத்தத்தையும் சேர்த்து எடுத்துப் பார்க்கவேண்டும். அவருக்கு ஒன்பது, அதற்கு மேலே ஒரு நீதிமன்றக் கட்டளை.

அதனால் அட்டவணையில் இன்னொரு நிரல் போடுங்கள்: "கேட்பவர் யார்?" கணவர் பக்கத்தில் இருப்பவர், கணவர் வெளிநாட்டில் இருப்பவர், கணவர் காணாமற்போனவர், தேசவழமைக்கு உட்படாதவரைக் கட்டியவர். ஒவ்வொருவருக்கும் சட்டங்களையும் தாவல்களையும் வேறுவேறாக எண்ணுங்கள். கடைசி ஆளுக்கு 1911 கட்டளைச்சட்டத்தின் 3 ஆம் பிரிவிலிருந்து தொடங்குங்கள். பெறாமகள் பக்க எண்ணிக்கை நிரலை அழித்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போட்டாள். இப்போது நாலாவது ஆளுக்கு எண்ணிக்கொண்டிருக்கிறோம்.