கிண்டிலுக்கு மாறிவிட்டுப் புத்தகத்துக்கு ஏங்குகிறவர்கள் என்ன செய்யலாம்

கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் எங்கள் வீட்டு ஓடு பாதி பறந்துபோய், பரணில் இருந்த இரண்டு டிரங்குப் பெட்டிப் புத்தகமும் ஊறிவிட்டது. மன்னார்குடிப் பக்கம் கரண்ட் வரப் பல நாள் ஆனது, ஈரத்தைக் காயவைக்க ஒரு ஃபேன்கூட ஓடவில்லை. அடுத்த வருஷமே ஒரு கிண்டில், அதாவது மின்னூல் படிக்க அமேசான் விற்கும் மெஷின், வாங்கிவிட்டேன். இனி ஓடு பறந்தாலும் புத்தகம் நனையாது என்ற ஒரே கணக்குதான். கணக்கு தப்பில்லை. இ-இங்க் திரை பக்கம் மாறும்போது மட்டும்தான் மின்சாரம் எடுக்கும், திரை விளக்கை அணைத்து வைத்தால் சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும், புயல் ஊருக்கு ஏற்ற சாமான். ஆனால் ஆறு மாதத்துக்குள் ஏதோ குறைகிறது என்று தோன்ற ஆரம்பித்தது. என்ன குறைகிறது என்று கேட்டவர்களிடம், எல்லாரும் சொல்வதைப் போல நானும் "புத்தக வாசனை வராதுல்ல" என்று சொல்லிவைத்தேன்.

அது சும்மா. பழைய காகிதத்தில் இருக்கும் லிக்னின் சிதையும்போது வெனிலின் மாதிரி சில பொருள்கள் வெளிவரும், அதனால் லேசாக ஒரு இனிப்பு வாசனை உண்டு, அதெல்லாம் உண்மைதான். எங்கள் வீட்டுப் பெட்டியில் அந்துருண்டையும் கரப்பானும் சேர்ந்த வாசனைதான் வரும். அதற்கு யார் ஏங்குவார்கள்?

ஆகவே முதல் வேலை, எதற்காக ஏங்குகிறீர்கள் என்று சரியாகக் கண்டுபிடிப்பது. ஒரு வாரம் கிண்டில் உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும்போது எரிச்சல் வரும் ஒவ்வொரு தடவையும் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். என் சீட்டில் விழுந்தவை இவை: இந்தப் பெயர் முன்னால் எங்கே வந்தது என்று புரட்டித் தேட முடியவில்லை, இந்தப் புத்தகத்தின் தலைப்பே மறந்துவிட்டது, அத்தைக்குக் கொடுக்க முடியாது, கதை திடீரென்று முடிந்துவிட்டது. வாசனை ஒரு தடவைகூட வரவில்லை. உங்கள் சீட்டில் வேறு வரலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, சிலதுக்கு மெஷினிலேயே இருக்கிறது, சிலதுக்குக் காகிதத்தைத் தவிர வேறு வழியே கிடையாது.

இடம் மறப்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன், பெரிய தொல்லை அதுதான். காகிதத்தில் படித்தது 'இடதுபக்கம், கீழே, பாதி தாண்டி' என்று கைக்கும் கண்ணுக்கும் சேர்ந்து ஞாபகம் இருக்கும். நார்வேயின் ஸ்டாவங்கர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆனே மாங்கனும் கூட்டாளிகளும் இதைச் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். 50 பேர், 28 பக்கக் கதை, பாதிப் பேருக்குக் காகிதம், பாதிப் பேருக்குக் கிண்டில். கதை புரிந்ததா என்ற கேள்விகள் பெரும்பாலானவற்றில் இரு தரப்பும் ஒன்றுதான். எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்று வரிசைப்படுத்தச் சொன்னபோதுதான் கிண்டில்காரர்கள் சறுக்கினார்கள். எனக்கு இது ஆச்சரியமாகவே இல்லை, என் சீட்டிலேயே இருந்ததே.

இதற்குச் செய்யக்கூடியது: எழுத்தின் அளவை முதல் பத்துப் பக்கத்துக்குள் முடிவு செய்துவிட்டு, புத்தகம் முடியும்வரை அதைத் தொடாதீர்கள். ஒரு தடவை பெரிதாக்கினால் வரியெல்லாம் நகர்ந்துவிடும், கண் பிடித்துவைத்திருந்த கொஞ்ச நஞ்ச அடையாளமும் போய்விடும். பதிப்பாளர் பக்க எண் கொடுத்திருந்தால் கிண்டில் தானாகப் போடும் 'லொகேஷன்' எண்ணை விட்டுவிட்டு அதைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு அட்டை. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் போதும், அதில் பாத்திரங்களின் பெயரும் உறவும். நம் நாவல்களில் ஒரே குடும்பத்தில் தாத்தா பெயர் பேரனுக்கும் இருக்கும், பின்னால் புரட்டிப் பார்க்கச் சுலபமில்லாத இடத்தில் இந்த அட்டைதான் காப்பாற்றும். அத்தியாயம் முடிந்ததும் ஒரு வரி அதிலேயே எழுதிவைத்தால் வரிசையும் தங்கும், நான் சோம்பேறித்தனத்தில் மூன்று அத்தியாயத்துக்கு ஒரு தடவைதான் எழுதுகிறேன், அதற்கே பலன் தெரிகிறது.

ஆனால் முன்னும் பின்னும் புரட்டியே ஆகவேண்டிய புத்தகத்தை மெஷினில் படிக்காதீர்கள். செய்யுள் ஒரு பக்கம், உரை வேறு பக்கம், அருஞ்சொல் கடைசியில் என்று இருக்கும் பழைய உரைநூல்களுக்கு இடையில் இரண்டு விரலை இடுக்கிக்கொண்டுதான் படிக்க முடியும். திரையில் விரலை எங்கே இடுக்குவது? உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் இருந்துகொண்டு 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தபோது, அவர் கையில் இருந்த ஏடுகளில் புள்ளிகூட ஒழுங்காக இருக்காது, எது செய்யுள் எது உரை என்று பிரிப்பதே பெரிய பாடு. அச்சுப் புத்தகத்தில் அது பிரிந்து, பத்தியாகி, அடிக்குறிப்பாகி நம்மிடம் வந்தது. அதை மறுபடியும் ஒரே நீளமான ஓலையாக மாற்றிப் படிப்பானேன்? இந்த வகைக்குக் காகிதம் வாங்கிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

சதவீதம் இன்னொரு ஏமாற்று. புத்தகத்தில் வலது கைப் பக்கம் இவ்வளவு தடிமன் மிச்சம் என்று விரலே சொல்லும், கதை முடியப்போகிறது என்று மனசு தயாராகும். மெஷினில் 88 சதவீதத்தில் கதை முடிந்துவிடும், மிச்சமெல்லாம் அதே பதிப்பகத்தின் மற்ற நூல்களின் பட்டியல். புதுப் புத்தகம் திறந்ததும் உள்ளடக்கத்துக்குப் போய்க் கடைசி அத்தியாயம் எங்கே முடிகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும். 'இந்த அத்தியாயத்துக்கு இன்னும் 7 நிமிடம்' என்று கீழே காட்டுமே, அதை அணைத்துவிடுங்கள், பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரியே இருக்கும்.

பஸ் என்றதும் தலைப்பு மறக்கிற விஷயம். மன்னார்குடியிலிருந்து வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் போகும் பஸ்ஸில்தான் நான் பாதிப் புத்தகம் படிப்பது. கையில் காகிதப் புத்தகம் இருந்த காலத்தில் பக்கத்து சீட்டுக்காரர் தலையைச் சாய்த்து அட்டையைப் படிப்பார், கொஞ்ச நேரத்தில் "இவரு எழுதினதுல இது சுமார்தான் தம்பி" என்று ஆரம்பிப்பார். இப்போது ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது: "என்ன தம்பி, ஆபீஸ் கணக்கா?" அட்டை தெரியாததால் அவருக்கு மட்டும் இல்லை, எனக்கும் நஷ்டம். மெஷினைத் திறந்தால் விட்ட இடத்திலேயே திறக்கும், அட்டையையும் ஆசிரியர் பெயரையும் நாம் பார்ப்பதே இல்லை, பத்து நாள் கழித்து யாராவது என்ன படிக்கிறாய் என்று கேட்டால் விழிக்க வேண்டியதுதான். கிண்டிலில் 2021 முதல், மெஷின் தூங்கும்போது திரையில் படிக்கிற புத்தகத்தின் அட்டையைக் காட்டும் வசதி உண்டு. அமைப்புகளுக்குள் போய் அதைப் போட்டுவிட்டு, மெஷினைத் திரை மேலே பார்க்க மேசையில் வையுங்கள். கறுப்பு வெள்ளைதான், ஆனாலும் வீட்டில் நாலு பேர் கண்ணில் படும்.

தமிழ் ஸ்கேன் பிடிஎஃப்கள் பற்றிச் சுருக்கமாக. 6 அங்குலத் திரையில் அதைப் படித்துவிட்டுக் கிண்டிலையே திட்டுகிறவர்கள் நிறைய. ஸ்கேன் என்பது பக்கத்தின் படம், அதில் எழுத்தை மட்டும் பெரிதாக்கிப் படிக்க முடியாது. அதே நூல் எழுத்து வடிவில் கிடைக்கிறதா என்று பாருங்கள், பழைய இலக்கியம் என்றால் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இலவச மின்னூல் தொகுப்பில் இருக்க வாய்ப்பு அதிகம். காலிபர் என்ற இலவச மென்பொருளில் போட்டு இ-பப் என்ற மின்னூல் கோப்பாக்கி, அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' வழியாக ஏற்றிக்கொள்ளுங்கள். ஸ்கேன் மட்டும்தான் உண்டு என்றால் திரையைப் பக்கவாட்டில் திருப்பிப் படிக்கலாம், அவ்வளவுதான்.

இரவல் கொடுப்பது. இதுதான் எனக்கு நிஜமாகவே வலித்த இடம். எங்கள் ஊர்ப் பக்கம் மேலவாசலில் 1931இல் ஒரு மாட்டுவண்டியில் புத்தகத்தை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்க் கொடுத்தார்கள். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் வந்து தொடங்கிவைத்த நடமாடும் நூலகம் அது. மாட்டுவண்டியில் போன புத்தகம் இன்று என் பையிலிருந்து அத்தை கைக்குப் போக மாட்டேன் என்கிறது. காரணம் எளிது, மின்னூலுக்கு நாம் கொடுக்கும் பணம் படிக்கும் உரிமைக்குத்தான், அந்த உரிமை நம் கணக்கோடு கட்டப்பட்டது. 2009இல் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை, விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லையென்று சொல்லி, வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் நீக்கியது. பணத்தைத் திருப்பித் தந்தார்கள், பின்னால் மன்னிப்பும் கேட்டார்கள். வாங்கிய நூலைக் கம்ப்யூட்டரில் இறக்கி யூஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியும் 2025 பிப்ரவரியோடு போய்விட்டது. எனவே நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாத இ-பப் எங்கே விற்றாலும் அதை வாங்கி, சொந்த ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி போட்டுவையுங்கள்.

அத்தை விஷயம் இப்படி முடிந்தது. "நல்ல கதை அத்த, ஆனா மிஷின்ல இருக்கு" என்றேன். "அப்ப மிஷினைக் குடுத்துட்டுப் போடா" என்றார். ஒரு வாரத்துக்குக் கொடுத்தேன், ஒரு மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தது. எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறதாம், வீட்டில் இருக்கும் பொடி எழுத்துப் பதிப்புகளை இனித் தொட மாட்டாராம். காகிதத்துக்கு ஏங்குவது நடுவயதுக்காரர்களின் கஷ்டம் என்று அன்றைக்குத் தோன்றியது. வீட்டில் பழைய இ-ரீடர் சும்மா கிடந்தால் அதில் பத்துப் புத்தகம் ஏற்றி இப்படி ஒரு பெரியவருக்குக் கொடுத்துவிடுங்கள், இரவல் பிரச்சினையில் பாதி தீரும். மீதிப் பாதிக்கு நான் வைத்திருக்கும் வழக்கம்: மெஷினில் படித்து முடித்ததும், இதை யாருக்காவது கொடுக்கத் தோன்றுகிறதா என்று கேட்டுக்கொள்வேன். தோன்றினால், அந்த ஆளின் பெயரோடு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைப்பேன், புத்தகக் காட்சி வரும்போது அந்தப் பட்டியலை மட்டும் காகிதத்தில் வாங்குவேன். போன தடவை பதினொன்று இருந்தது, நாலுதான் வாங்க முடிந்தது.

அலமாரி முன்னால் நின்று தேடாமலே எதையாவது கண்டெடுக்கிற சுகம் வேண்டுமென்றால் அதற்குக் கிளை நூலகம் இருக்கிறது. 1948இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், ரசீதை எடுத்துப் பாருங்கள். கட்டிய காசுக்காவது மாதம் இரண்டு தடவை போய் வரலாம்.

பென்சில் குறிப்புக்கு மெஷின் சரிப்படாது, தமிழில் தட்டுவதற்குள் நினைத்தது பறந்துவிடும். நான் கோடு மட்டும் போடுகிறேன், அத்தியாயத்துக்கு மூன்றுக்கு மேல் போடுவதில்லை. கிண்டிலைக் கம்ப்யூட்டரில் செருகினால் 'மை கிளிப்பிங்ஸ்' என்ற கோப்பில் அத்தனை கோடும் இருக்கும், மாதக் கடைசியில் அதிலிருந்து ஐந்து வரியைக் கையால் நோட்டில் எழுதுவேன். ஆனால் எங்கள் பாட்டி வார இதழிலிருந்து தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, கும்பகோணத்தில் கலிக்கோ பைண்டு போட்டு வைத்திருந்த ஒரு தொகுதி உண்டு. ஓரத்தில் அவருடைய பால் கணக்கு இருக்கும், நடுவில் சோப்பு விளம்பரம், ஓவியம், துணுக்கு. அதே கதை இப்போது மின்னூலாகக் கிடைக்கிறது, எழுத்து ஒன்றுகூடக் குறையவில்லை, பால் கணக்கு மட்டும் இல்லை. வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள், முடிந்தால் மறுபடி பைண்டு போடுங்கள். மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்கச் சொன்னால் பூச்சி அண்டாது, விஷம் என்பதால் சின்னப் பிள்ளைகள் கைக்கு மட்டும் எட்டாமல் வையுங்கள்.

இப்படிக் காகிதம் மறுபடி வீட்டுக்குள் வந்தால் டெல்டா ஈரத்தையும் சமாளிக்க வேண்டும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள், கரையான் ஏறினால் தெரியும், காற்றும் போகும். ஐப்பசி கார்த்திகையில் பீரோவுக்குள் பூட்டி வைக்க வேண்டாம், பூஞ்சை அங்கேதான் முதலில் பிடிக்கும். வசம்பைத் துணியில் முடிந்து ஒவ்வொரு தட்டிலும் போடலாம், ஓலைச்சுவடி காலத்து வைத்தியம்தான்.

நனைந்துவிட்டால் நான் செய்ததைச் செய்யாதீர்கள். புயல் நின்ற மறுநாள் அத்தனையையும் உச்சி வெயிலில் மொட்டை மாடியில் பரப்பினேன், தாள் நெளிந்து, முதுகு வெடித்து, எதுவும் பழையபடி மூடவில்லை. இருபது பக்கத்துக்கு ஒரு தடவை செய்தித்தாள் வைத்து, நிழலில், காற்றில் வைத்துத் தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட பக்கத்தை ஈரத்தோடு பிரிக்கக் கூடாது, வழவழப்பான தாள் என்றால் ஒட்டினது ஒட்டினதுதான். இரண்டு நாளைக்குள் காயாது என்று தெரிந்தால், கரண்ட் இருக்கும் வீட்டில் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், பூஞ்சை பிடிக்காது, நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துக் காயவைக்கலாம். ஃப்ரீசரில் மீன் இருந்தால் அதை முதலில் குழம்பு வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அப்புறம் அந்த வாசனையோடுதான் படிக்க வேண்டியிருக்கும்.