எச்.டி. 189733 பி கோளின் கடப்பைப் பதிவு செய்யும் முறை

சுமார் 64 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எச்.டி. 189733 என்ற விண்மீனை ஒரு வாயுப் பெருங்கோள் 2.2 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. அது விண்மீனுக்கும் நமக்கும் குறுக்கே வரும்போது (இதுவே கடப்பு) விண்மீனின் ஒளி ஏறத்தாழ 2.4 சதவீதம் மங்குவதால், சிறு தொலைநோக்கியும் கேமராவும் வைத்திருப்பவர் முதலில் முயல வேண்டிய புறக்கோள் (சூரியனல்லாத வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள்) இதுவே என்பேன்.

ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் எம் 27 நெபுலாவைக் (ஒளிரும் வாயு முகிலை) கண்டுபிடித்தால், அதன் அருகிலேயே இந்த 7.7 ஒளித்தர விண்மீன் இருக்கும். கடப்பு நேரத்தை முன்கூட்டியே கணித்து, அது தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை இடைவிடாது படமெடுக்க வேண்டும்; கடப்பு மட்டும் 1.8 மணி நேரம் நீடிக்கும்.

குவியத்தைச் சற்றே கலைத்துவிடுங்கள். கூர்மையான படம் அழகாக இருக்கும், ஆனால் அதில் விண்மீனின் ஒளி சில பிக்சல்களிலேயே குவிந்து அவற்றை நிறைத்துவிடுவதால் அளவீட்டுக்கு உதவாது. விண்மீன் அதே பிக்சல்களில் நிற்கும்படி தொலைநோக்கியை வழிநடத்துவதும் அவசியம்.

பிறகு, அதே படத்திலுள்ள, ஒளியும் நிறமும் ஒத்த வேறொரு விண்மீனோடு ஒப்பிட்டு, ஒளி விகிதத்தை நேரத்துக்கு எதிராக வரையவும். மெல்லிய மேகமும் காற்றுமண்டல மாற்றமும் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் பாதிப்பதால் விகிதத்தில் பெரும்பாலும் நீங்கிவிடும்.

வரைபடத்தில் ஒளி குறைந்து தெரியும் பள்ளத்தின் ஆழமான 0.024-க்கு வர்க்கமூலம் எடுத்தால் 0.155 கிடைக்கும்; கோளின் ஆரம் விண்மீனின் ஆரத்தில் எத்தனை பங்கு என்பதே இது. சூரியனின் ஆரத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேற்பட்ட இந்த விண்மீனின் ஆரத்தை இதனால் பெருக்கினால், கோள் வியாழனைவிடச் சற்றுப் பெரியது என்பது தெரியவரும்.