கெட்டது ஸ்டெபிலைசர் இல்லை

மிரர்லெஸ் கேமரா ஒன்றைச் செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். பையிலிருந்து எடுக்கும்போதெல்லாம் உள்ளே ‘கடக் கடக்’ என்று ஏதோ ஆடும். போச்சு, படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரைத் தாங்கும் பாகம் கழன்றுவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் ஆன் செய்தால் சத்தம் நின்றுவிடும். அப்புறம்தான் புரிந்தது: கை ஆட்டத்தை ஈடுகட்டச் சென்சாரையே நகர்த்தும் ஸ்டெபிலைசர் உள்ள இந்த வகைக் கேமராவில், சென்சாரைக் காந்தவிசைதான் பிடித்து நிறுத்துகிறது; அணைத்துவிட்டால் பிடி விட்டு லேசாக ஆடும். சரி, அது கோளாறு இல்லை.

படங்கள்தான் பாடாய்ப் படுத்தின. 50 மி.மீ. லென்ஸில் பளிச்சென்று வந்தவை, என்னிடமிருந்த பழைய 135 மி.மீ. மேனுவல் லென்ஸில் கலங்கின. சமையலறை ஜன்னலோரம் நின்று எதிர்வீட்டுப் பெயர்ப்பலகையை 1/30 நொடியில் பத்து தடவை எடுத்தேன். இரண்டு தேறின. ஸ்டெபிலைசேஷனை அணைத்து எடுத்தாலும் ஏறக்குறைய அதே கதி. சர்வீசுக்கு அனுப்பலாம் என்று அட்டைப்பெட்டியில் வைத்து டேப்கூட ஒட்டிவிட்டேன்.

மனசு கேட்காமல் மறுபடி பிரித்து மெனுவைக் கிளறினேன். ஸ்டெபிலைசருக்கான லென்ஸ் குவியத்தூரம் (அந்த மி.மீ. கணக்குதான்) 50 என்றே இருந்தது! என் பழைய லென்ஸ் போல மின் இணைப்பு இல்லாத லென்ஸ் தன் குவியத்தூரத்தைக் கேமராவிடம் சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும். கை ஒரே அளவு ஆடினாலும் 135-இல் பிம்பம் 2.7 மடங்கு நகரும். சென்சாரோ 50-க்கு வேண்டிய அளவே நகர்ந்துகொண்டிருந்தது.

135 என்று மாற்றினேன். பத்தில் ஏழு தேறின. மீதி மூன்றுக்கு என் கைதான் காரணம். அன்று கொஞ்சம் காபி அதிகம்.